மூன்றாம் இடத்துக்கும் வழி உண்டு: 48 அணி உலகக் கோப்பையின் கணக்கு

2026 ஜூன் 11 அன்று மெக்சிகோ சிட்டியில் தொடங்கும் ஆண்கள் உலகக் கோப்பை கால்பந்துத் தொடரின் அட்டவணையைப் புரட்டும் பலரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். தோற்றால் வெளியேறும் நாக்-அவுட் பகுதியில் ‘ஈ பிரிவு முதலிடம் எதிர் ஏ/பி/சி/டி/எஃப் மூன்றாமிடம்’ என்று ஒரு வரி இருக்கிறது. மூன்றாவதாக வந்த அணிக்கு அடுத்த சுற்றில் என்ன வேலை? எதிரணியின் பெயர் ஏன் ஐந்து எழுத்துகளாக இருக்கிறது?

அச்சுப் பிழை இல்லை. இந்தத் தொடரின் அமைப்பே அந்த வரிக்குள் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், எந்த அணிக்கு எத்தனை புள்ளி போதும், தோற்கும் அணி ஏன் கடைசி நிமிடம் வரை ஓட வேண்டும், சில அணிகளுக்கு டிராவே ஏன் இனிக்கும் என்பதெல்லாம் தெளிவாகிவிடும். அதோடு இந்த அமைப்பில் இருக்கும் ஒரு ஓட்டையும் கண்ணில் படும்.

எத்தனை அணி, எத்தனை ஆட்டம்

அமெரிக்கா, மெக்சிகோ, கனடா ஆகிய மூன்று நாடுகளில் உள்ள 16 நகரங்களில் தொடர் நடக்கிறது. இறுதி ஆட்டம் ஜூலை 19 அன்று, நியூயார்க்கை ஒட்டிய நியூஜெர்சியில். மொத்தம் 104 ஆட்டங்கள். அதில் 78 அமெரிக்காவில், மெக்சிகோவிலும் கனடாவிலும் தலா 13. காலிறுதியிலிருந்து எல்லாமே அமெரிக்க மண்ணில்தான்.

1998 முதல் 2022 வரை கணக்கு எளிமையாக இருந்தது. 32 அணிகள், எட்டுப் பிரிவுகள், ஒவ்வொன்றிலும் முதல் இருவர் முன்னேறுவார்கள், மற்றவர்கள் ஊருக்குத் திரும்புவார்கள். ஆட்டங்கள் 64. இப்போது அணிகள் 48, பிரிவுகள் ‘ஏ’ முதல் ‘எல்’ வரை பன்னிரண்டு. கோப்பையை வெல்லும் அணி முன்பு ஏழு ஆட்டம் ஆடினால் போதும், இனி எட்டு.

இடங்கள் கூடியதில் அதிகம் பயனடைந்தவை ஆப்பிரிக்காவும் ஆசியாவும். ஆப்பிரிக்காவுக்கு ஒன்பது நேரடி இடங்கள், ஆசியாவுக்கு எட்டு. கேப் வெர்டே, கியூரசாவ், ஜோர்டான், உஸ்பெகிஸ்தான் நான்கும் முதல் முறையாக வருகின்றன. இதுவரை உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற நாடுகளிலேயே மக்கள்தொகை குறைந்தது கியூரசாவ். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர்தான். (இந்தியாவுக்கு இந்த விரிவாக்கம் உதவவில்லை. 2024 ஜூனில் தோஹாவில் கத்தாரிடம் 1-2 எனத் தோற்று, தகுதிச் சுற்றின் இரண்டாம் கட்டத்திலேயே வெளியேறிவிட்டது.)

எட்டு ‘மூன்றாமிட’ அணிகள் ஏன் தேவைப்படுகின்றன

நாக்-அவுட்டில் ஒவ்வொரு சுற்றிலும் பாதி அணிகள் வெளியேறும். இறுதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 2, 4, 8, 16, 32. இந்த எண்களில் ஒன்றில்தான் நாக்-அவுட் தொடங்க முடியும். பன்னிரண்டு பிரிவுகளில் முதல் இருவரை எடுத்தால் 24 அணிகள் வரும். 24 அந்த வரிசையில் இல்லை. 32 ஆக்க இன்னும் எட்டு வேண்டும். அந்த எட்டும் மூன்றாவதாக வந்த பன்னிரண்டு அணிகளிலிருந்து எடுக்கப்படுகின்றன.

முறை புதிதில்லை. 1986, 1990, 1994 உலகக் கோப்பைகளில் 24 அணிகள் ஆறு பிரிவுகளாக ஆடின, சிறந்த நான்கு மூன்றாமிட அணிகள் முன்னேறின. ஐரோப்பாவின் யூரோ கோப்பையும் 2016 முதல் இப்படித்தான் நடக்கிறது. ஆறில் நான்கு, பன்னிரண்டில் எட்டு, இரண்டும் ஒரே விகிதம். அதனால் பழைய தொடர்களின் எண்கள் நமக்கு நேரடியாகவே உதவும்.

உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா முதலில் போட்ட திட்டம் வேறு. 2017 ஜனவரியில் 48 அணிகள் என்று முடிவெடுத்தபோது, மூன்று அணிகள் கொண்ட 16 பிரிவுகள் என்றார்கள். முதல் இருவரை எடுத்தால் சரியாக 32. மூன்றாமிடச் சிக்கலே கிடையாது. ஆனால் மூன்று அணிப் பிரிவில் கடைசி ஆட்டத்தை இருவர்தான் ஆட முடியும். மூன்றாவது அணி கைகட்டி வேடிக்கை பார்க்கும். ஆடும் இருவருக்கும் எந்த ஸ்கோர் போதும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இந்தப் பயத்தோடு 2022 கத்தார் தொடரும் சேர்ந்துகொண்டது. ‘ஈ’ பிரிவின் கடைசி நாளில், ஒரே நேரத்தில் நடந்த இரண்டு ஆட்டங்களில், சில நிமிடங்களுக்கு ஸ்பெயினும் ஜெர்மனியும் வெளியே, ஜப்பானும் கோஸ்டா ரிகாவும் உள்ளே என்று நிலைமை புரண்டது. நான்கு அணிப் பிரிவு இல்லாவிட்டால் இப்படி ஒரு இரவு கிடைக்காது. 2023 மார்ச்சில் ருவாண்டாவின் கிகாலியில் கூடிய ஃபிஃபா, நான்கு அணிகள் கொண்ட பன்னிரண்டு பிரிவுகள் என்று மாற்றியது. என் பார்வையில் இது சரியான முடிவு. ஆனால் பழைய நோயின் ஒரு பகுதி வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு தராசுகள்

புள்ளிகள் சமமானால் யார் மேலே? இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். ஒரே தொடரில் இரண்டு வெவ்வேறு விதிகள் இருக்கின்றன.

ஒரே பிரிவுக்குள் சமநிலை என்றால்:

1. சமமாக உள்ள அணிகள் தங்களுக்குள் மோதிய ஆட்டங்களின் புள்ளி, பிறகு அந்த ஆட்டங்களின் கோல் வித்தியாசம் (அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்தால் வருவது), பிறகு அடித்த கோல்கள்.
2. அப்போதும் சமமென்றால் பிரிவின் எல்லா ஆட்டங்களையும் சேர்த்த கோல் வித்தியாசம், மொத்தக் கோல்கள்.
3. அப்புறம் நன்னடத்தைக் கணக்கு, அதாவது மஞ்சள், சிவப்பு அட்டைகள். கடைசியாக ஃபிஃபா தரவரிசை.

வெவ்வேறு பிரிவுகளின் மூன்றாமிட அணிகளை ஒப்பிடும்போது அவை ஒன்றோடொன்று மோதியிருக்காது. அதனால் முதல் படியே கிடையாது. புள்ளி, மொத்தக் கோல் வித்தியாசம், மொத்தக் கோல்கள், அட்டைகள், தரவரிசை என்று நேராகப் போகும்.

முந்தைய உலகக் கோப்பைகளில் பிரிவுக்குள்ளும் மொத்தக் கோல் வித்தியாசம்தான் முதலில் பார்க்கப்பட்டது. ‘நேருக்கு நேர்’ முடிவை முதலில் பார்ப்பது ஐரோப்பியப் பழக்கம், இப்போது இங்கேயும் வந்திருக்கிறது. இதன் விளைவு சின்னதல்ல. முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்ற அணி, கடைசி ஆட்டத்துக்கு முன்பே முதலிடத்தை உறுதி செய்துவிட வாய்ப்பு கூடுகிறது. உறுதியானதும் முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுக்கும். அந்தக் கடைசி ஆட்டத்தில் எதிரே நிற்கும் அணிக்கு அது அதிர்ஷ்டம். வேறு ஏதோ ஒரு பிரிவில் காத்திருக்கும் அணிக்கு அது இடி.

அட்டைக் கணக்கெல்லாம் காகிதத்தோடு சரி என்று நினைக்க வேண்டாம். 2018 ரஷ்யத் தொடரில் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல், தங்களுக்குள் ஆடிய ஆட்டம் எல்லாவற்றிலும் சமமாக நின்றன. ஜப்பானிடம் நான்கு மஞ்சள் அட்டைகள், செனகலிடம் ஆறு. செனகல் வெளியேறியது. போலந்திடம் 0-1 எனப் பின்தங்கியிருந்த ஜப்பான், வேறு மைதானத்தில் செனகலும் தோற்றுக்கொண்டிருப்பதை அறிந்து, கடைசி நிமிடங்களில் பந்தைத் தங்களுக்குள் தட்டிக்கொண்டே நேரத்தைக் கடத்தியது. தோல்வியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு முன்னேறியது. அடுத்த மைதானத்தின் ஸ்கோர் தெரிந்த அணி எப்படி ஆடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

எத்தனை புள்ளி போதும்?

வெற்றிக்கு மூன்று புள்ளிகள் என்ற விதியோடும், மூன்றில் இரண்டு பங்கு மூன்றாமிட அணிகள் முன்னேறும் விதியோடும் நடந்த தொடர்களைப் பார்ப்போம்: 1994 உலகக் கோப்பை, 2016, 2020, 2024 யூரோக்கள்.

1. நான்கு புள்ளி எடுத்த எந்த மூன்றாமிட அணியும் இந்த நான்கு தொடர்களிலும் வெளியேறவில்லை. ஒரு வெற்றியும் ஒரு டிராவும் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

2. மூன்று புள்ளிதான் கத்தி முனை. 2016ல் கோல் வித்தியாசம் பூஜ்யமாக இருந்த வட அயர்லாந்து உள்ளே, −2 வைத்திருந்த அல்பேனியாவும் துருக்கியும் வெளியே. 2020 தொடரில் −1 வைத்திருந்த உக்ரைன் உள்ளே, −2 வைத்திருந்த ஃபின்லாந்து வெளியே. 2024ல் பூஜ்யம் வைத்திருந்த ஸ்லோவேனியா உள்ளே, −3 வைத்திருந்த ஹங்கேரி வெளியே.

3. இரண்டு புள்ளியோடு இந்தத் தொடர்களில் யாரும் தாண்டவில்லை.

இரண்டாவது வரியை இன்னொரு முறை படியுங்கள். இந்த மூன்று யூரோக்களிலும் மைனஸ் ஒன்றுக்கும் மைனஸ் இரண்டுக்கும் நடுவில்தான் கதவு இருந்தது. ஒரு சிறிய அணி ஸ்பெயினிடம் 0-1 எனத் தோற்பதும் 0-3 எனத் தோற்பதும் முன்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், எப்படியும் வீடு திரும்ப வேண்டும். இனி அப்படி இல்லை. 80வது நிமிடத்தில் இரண்டு கோல் பின்தங்கி நிற்கும் கேப் வெர்டேவின் தடுப்பாட்டக்காரர், மூன்றாவது கோலைத் தடுக்க விழுந்து புரள்வது வெறும் மானத்துக்காக அல்ல. அந்த ஒரு தடுப்பு, ஒரு வாரம் கழித்து அணியை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகலாம். இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான். தோற்கும் ஆட்டத்துக்கும் விலை வந்துவிட்டது.

மூன்றாவதாக வருகிறவர்கள் பலவீனமானவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 1990ல் பிரிவில் மூன்றாவதாக வந்த அர்ஜென்டினா இறுதி ஆட்டம் வரை போனது. 1994ல் இத்தாலியும் அப்படியே. 2016 யூரோவில் போர்ச்சுகல் பிரிவுச் சுற்றில் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல், மூன்று டிராக்களோடு மூன்றாவதாக வந்து, கடைசியில் பாரிஸில் பிரான்ஸை வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது.

யாரோடு யார்: 495 வழிகள்

பன்னிரண்டு அணிகளில் எந்த எட்டு வரும் என்பதற்கு 495 சாத்தியங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் யார் யாரோடு மோத வேண்டும் என்று ஃபிஃபாவின் விதிப் புத்தகத்தில் முன்கூட்டியே அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரே பிரிவில் ஆடிய இருவர் உடனே மீண்டும் மோதாதபடி அது அமைக்கப்பட்டிருக்கிறது. ஐந்து எழுத்துகள் இருப்பதற்குக் காரணம் இதுதான். எந்தெந்தப் பிரிவிலிருந்து எதிரணி வரலாம் என்ற பட்டியல் அது.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. பன்னிரண்டு முதலிட அணிகளில் எட்டுக்குத்தான் மூன்றாமிட எதிரணி கிடைக்கும். சி, எஃப், எச், ஜே பிரிவுகளில் முதலிடம் பிடிப்பவர்கள் இன்னொரு பிரிவின் இரண்டாமிட அணியோடு மோத வேண்டும். சி-யும் எஃப்-பும் தங்களுக்குள், எச்-சும் ஜே-யும் தங்களுக்குள்.

எச் பிரிவில் இருப்பது ஸ்பெயின், ஜே பிரிவில் இருப்பது அர்ஜென்டினா. இருவரும் தங்கள் பிரிவை வென்றால் இறுதி ஆட்டம் வரை சந்திக்காதபடி கட்டம் போடப்பட்டிருக்கிறது. ஆனால் ஒருவர் முதலிடமும் மற்றவர் இரண்டாமிடமும் பிடித்தால், நாக்-அவுட்டின் முதல் ஆட்டத்திலேயே நேருக்கு நேர்! எச் பிரிவில் பலமான உருகுவேயும் இருப்பதால் இதை வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது.

ஜே பிரிவில் இரண்டாவதாக வருபவர் எச் முதலிடத்தோடு, பெரும்பாலும் ஸ்பெயினோடு, மோத வேண்டியிருக்கும். அதே ஜே பிரிவில் மூன்றாவதாக வந்து முன்னேறினால் எதிரே வருவது பி, டி, ஜி, கே, எல் ஆகிய ஐந்தில் ஒரு பிரிவின் முதலிட அணி. இரண்டாமிடத்தைவிட மூன்றாமிடம் லேசான பாதையாக அமையக்கூடும்.

கடிகாரம் யார் பக்கம்

இப்போது அந்த ஓட்டைக்கு வருவோம். பிரிவுச் சுற்றின் கடைசி ஆட்டங்கள் நான்கு நாட்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஜூன் 24ல் ஏ, பி, சி. 25ல் டி, ஈ, எஃப். 26ல் ஜி, எச், ஐ. 27ல் ஜே, கே, எல். ஒரு பிரிவுக்குள் இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்கும். ஆனால் மூன்றாமிடப் பட்டியல் பன்னிரண்டு பிரிவுகளையும் இணைக்கிறது. முதல் நாள் முடிப்பவர் இருட்டில் ஆடுகிறார், கடைசி நாள் ஆடுபவருக்கு விடை தெரியும்.

யூரோ 2024ல் ஹங்கேரிக்கு நடந்ததைப் பாருங்கள். ஜூன் 23 அன்று ஸ்காட்லாந்துக்கு எதிராக 100வது நிமிடத்தில் கோல் அடித்து வென்றது. மூன்று புள்ளி, மூன்றாமிடம். அதன் பிறகு மூன்று நாள் காத்திருப்பு. ஜூன் 26 அன்று, ‘நேருக்கு நேர்’ விதியால் ஏற்கெனவே முதலிடத்தை உறுதி செய்துவிட்ட போர்ச்சுகல், அணியில் பெரும்பாலானோரை மாற்றிக் களமிறங்கி ஜார்ஜியாவிடம் 0-2 எனத் தோற்றது. ஜார்ஜியா நான்கு புள்ளியோடு உள்ளே போக, ஹங்கேரி வெளியே வந்தது. ஜார்ஜியாவின் ஆட்டம் அற்புதம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஹங்கேரியின் தலைவிதி அவர்கள் இல்லாத மைதானத்தில், வெல்லத் தேவையில்லாத ஓர் அணியின் காலில் இருந்தது.

இந்த முறை அந்த இடத்தில் ஸ்காட்லாந்தே நிற்கலாம். எட்டு முறை உலகக் கோப்பை ஆடி ஒருமுறைகூட முதல் சுற்றைத் தாண்டாத அணி அது. 1974, 1978, 1982 மூன்றிலும் கோல் வித்தியாசத்தால் வெளியேறியவர்கள். சி பிரிவில் ஹெய்ட்டி, மொராக்கோவை அடுத்து, ஜூன் 24 அன்று பிரேசிலோடு ஆடுகிறார்கள். அன்று 0-1 எனப் பின்தங்கியிருந்தால், சமன் செய்ய முன்னேறுவதா, இரண்டாவது கோல் விழாமல் காப்பதா? மற்ற பெரும்பாலான பிரிவுகள் முடியாத நிலையில் பயிற்சியாளருக்கு அதைச் சொல்ல யாராலும் முடியாது.

மறுமுனையில் ஜே பிரிவு. அல்ஜீரியாவும் ஆஸ்திரியாவும் ஜூன் 27 இரவு கான்சாஸ் சிட்டியில் மோதுகின்றன. நமக்கு அது ஜூன் 28 ஞாயிறு காலை 7.30 மணி. ஜோர்டான் – அர்ஜென்டினா ஆட்டமும் அதே நேரம்தான். பிரிவுச் சுற்றின் கடைசி ஆட்டங்கள் இவை. அதற்குள் மற்ற பதினோரு பிரிவுகளும் முடிந்திருக்கும்.

இந்த இரண்டு பெயர்களும் ஒன்றாக வரும்போது கால்பந்து வரலாறு தெரிந்தவர்களுக்கு நெஞ்சு ஒரு கணம் கனக்கும். 1982ல் அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியை 2-1 என வீழ்த்தியது. சிலியையும் வென்று தன் கடைசி ஆட்டத்தை முடித்தது. மறுநாள், ஜூன் 25 அன்று, ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஆடின. ஜெர்மனி ஓரிரு கோல் வித்தியாசத்தில் வென்றால் இருவரும் உள்ளே, அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிடத்தில் ஜெர்மனியின் ஹ்ரூபெஷ் கோல் அடித்தார். அதன் பிறகு எண்பது நிமிடம் யாரும் ஆடவில்லை, பந்தை இங்குமங்கும் உருட்டினார்கள். அரங்கிலிருந்த அல்ஜீரிய ரசிகர்கள் பணத்தாளை ஆட்டிக் காட்டினார்கள். அல்ஜீரியாவின் முறையீட்டை ஃபிஃபா தள்ளுபடி செய்தது. ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்தும் வழக்கம் 1986 முதல் வந்தது இதனால்தான்.

44 ஆண்டுகள் கழித்து அல்ஜீரியாவும் ஆஸ்திரியாவும் தலா மூன்று புள்ளியோடு அந்த இரவுக்கு வந்தால் என்ன ஆகும்? டிரா செய்தால் இருவருக்கும் நான்கு புள்ளி. முந்தைய தொடர்களின் கணக்குப்படி இருவருக்கும் போதும், போதுமா என்பதும் அவர்களுக்கு அப்போது உறுதியாகத் தெரிந்திருக்கும். இரண்டாமிடத்துக்காக அடித்துக்கொண்டால் கிடைக்கும் பரிசு, எச் பிரிவின் முதலிட அணி. இரண்டு அணிகளில் எதையும் நான் முன்கூட்டியே சந்தேகிக்கவில்லை. ஆசியக் கோப்பையின் இறுதிவரை போன ஜோர்டான் இந்தக் கணக்கையே கலைத்துப் போடவும் கூடும். ஆனால் ஒரு வீரரின் நேர்மையைத் தொடர்ந்து சோதிக்கும் விதி நல்ல விதி அல்ல.

எல்லாப் பிரிவுகளின் கடைசி ஆட்டங்களையும் ஒன்றாக நடத்தலாமே என்று தோன்றும். அதற்கு 24 மைதானங்கள் வேண்டும், இருப்பது 16. யாராவது முதலில் ஆட வேண்டும், யாராவது கடைசியில் ஆட வேண்டும். 2030 தொடருக்குத் தென்னமெரிக்கக் கூட்டமைப்பு கேட்கும் 64 அணிகள் வந்தால், 16 பிரிவுகளில் முதல் இருவரை எடுத்தாலே 32 வந்துவிடும், மூன்றாமிடப் பட்டியல் தேவைப்படாது. ஆனால் அதற்கு விலை 128 ஆட்டங்கள்.

பட்டியலைப் பின்தொடரும் முறை

1. ஜூன் 23 வரை மூன்றாமிடப் பட்டியலைப் பார்க்க வேண்டாம். எல்லா அணிகளும் இரண்டு ஆட்டம் முடிக்கும்வரை அதில் அர்த்தமில்லை.
2. நான்கு புள்ளியோ அதற்கு மேலோ உள்ளவர்களை மனதுக்குள் உள்ளே தள்ளிவிடுங்கள். மூன்று புள்ளிக்காரர்களின் கோல் வித்தியாசத்தை மட்டும் குறித்து வையுங்கள்.
3. மூன்று புள்ளியோடு −2 அல்லது அதற்கும் கீழே இருக்கும் அணி, பழைய கணக்குப்படி, அடுத்தவர் தோல்விக்காகக் காத்திருக்க வேண்டிய அணி.
4. ஜூன் 26, 27 ஆட்டங்களுக்கு முன்பு, இருவருக்கும் டிரா போதுமா என்று பாருங்கள். போதுமென்றால் முதல் இருபது நிமிடத்தில் யார் பந்தை முன்னால் கொண்டுபோகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.